ஆடிப் பிம்ப மாற்றியங்களை அளக்கச் சாதாரண நிறமாலைமானி: ஒரு பயன்பாட்டு மதிப்புரை

சில சேர்மங்கள் வலக் கையும் இடக் கையும் போல ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமாக அமைந்த இரு வடிவங்களில், அதாவது ஆடிப் பிம்ப மாற்றியங்களாக, இருக்கின்றன. அத்தகைய ஒரு சேர்மத்தின் வலது வடிவமும் இடது வடிவமும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று அறிய வேண்டுமானால், கைரல் (கைப்பக்கம் உடைய) பிரிப்புக் குழாய் பொருத்திய எச்.பி.எல்.சி. (உயர்திறன் திரவ நிறப்பகுப்பு) கருவியை நாடுவதே ஆய்வகங்களின் வழக்கம். அதற்கு மாற்றாக முன்வைக்கப்படும் ஓர் ஏற்பாட்டை இங்கே மதிப்பிடுகிறேன். அதில் மூன்று பொருட்கள்தான் உள்ளன: வேதியியல் ஆய்வகங்களில் பரவலாகக் காணப்படும் இரட்டைக் கற்றைப் புற ஊதா நிறமாலைமானி (எந்த அலைநீள ஒளியைக் கரைசல் எவ்வளவு உட்கவர்கிறது என்று அளக்கும் கருவி), பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளையச் சர்க்கரையின் தூள், பல மாறிகளை ஒரே வேளையில் கையாளும் புள்ளியியல் மென்பொருள். டெக்சாஸில் உள்ள பேலர் பல்கலைக்கழகத்தில் கென்னத் புஷ், மரியானா புஷ் ஆகியோரின் குழு 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் இம்முறையைப் பல சேர்மங்களில் சோதித்து வெளியிட்டது. அதைப் பின்பற்றி எங்கள் ஆய்வகத்தில் அமைத்துக்கொண்ட ஏற்பாட்டைப் பயன்படுத்திய அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். எந்த நிறுவனத்தின் கருவி, எந்த நிறுவனத்தின் மென்பொருள் என்பது இங்கே முக்கியமில்லை. குறைகளும் நிறைகளும் பெரும்பாலும் முறைக்கே உரியவை.

மென்பொருளுடன் வந்த விளம்பரத் தாளில், இடது வலது வேறுபாட்டை மென்பொருளே கண்டுபிடித்துவிடும் என்ற தொனி இருந்தது. அது தவறான தொனி. முனைவுறாத சாதாரண ஒளியை, கைரல் தன்மையற்ற கரைப்பானில் கரைந்த இரு ஆடிப் பிம்ப மாற்றியங்களின் வழியே செலுத்தினால், இரண்டும் முற்றிலும் ஒரே நிறமாலையைத்தான் தரும். இது கருவியின் துல்லியம் போதாமையால் வருவதன்று; இரு வடிவங்களின் ஆற்றல் மட்டங்களும் ஒன்றே என்பதால் வருவது. இல்லாத வேறுபாட்டை எந்தப் புள்ளியியலும் உருவாக்க முடியாது. வலதையும் இடதையும் பிரித்தறிய வேண்டுமானால் அளவிடும் பொருளிலேயே ஒரு கைப்பக்கம் இருக்க வேண்டும்: ஒளி கைப்பக்கம் உடையதாக இருக்கலாம், அல்லது உடன் கலந்திருக்கும் மூலக்கூறு கைப்பக்கம் உடையதாக இருக்கலாம்.

முதல் வழி பழையது. 1815-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பியோ, கரிமத் திரவங்கள் தளமுனைவுற்ற (ஒரே தளத்தில் அதிரும்) ஒளியின் அதிர்வுத் தளத்தைச் சுழற்றுவதைக் கண்டார். 1848-இல் பாஸ்டர் டார்டாரிக் அமில உப்பின் படிகங்களைக் கையால் பொறுக்கிப் பிரித்து, இரு குவியல்களும் எதிரெதிர்த் திசைகளில் ஒளியைச் சுழற்றுவதைக் காட்டினார். இன்றைய முனைவுமானி அந்த அளவீட்டையே சோடியத்தின் 589 நானோமீட்டர் ஒளியில் செய்கிறது. அதன் பலவீனம், முழு மாதிரிக்கும் சேர்த்து ஒரே ஓர் எண்ணைத் தருவது. செறிவு சற்றுப் பிசகினாலும், ஒளிசுழற்றும் வேறொரு மாசு கலந்திருந்தாலும், அந்த எண் மாறிவிடும். மாறியதற்கான காரணத்தை அந்த எண்ணிலிருந்து அறிய வழியில்லை. நிறமாலையோ நூற்றுக்கணக்கான அலைநீளங்களில் ஒரே வேளையில் பேசுகிறது. இந்த ஏற்பாட்டின் கவர்ச்சி அங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் வழியில் வேலை செய்வது சைக்ளோடெக்ஸ்ட்ரின். குளுக்கோஸ் அலகுகள் வளையமாக இணைந்த சர்க்கரை இது. ஆல்ஃபாவில் 6, பீட்டாவில் 7, காமாவில் 8 அலகுகள். வளையத்தின் நடுவே நீரை விரும்பாத ஒரு குழி உண்டு; பென்சீன் வளையம் கொண்ட மூலக்கூறுகள் பீட்டாவின் குழிக்குள் பொருத்தமாக நுழைகின்றன. குளுக்கோஸ் அலகுகள் யாவும் ஒரே கைப்பக்கம் உடையவை என்பதால் குழியும் கைப்பக்கம் உடையது. வலக் கையுறைக்குள் வலக் கையும் இடக் கையும் ஒரே மாதிரி பொருந்தாததைப் போல, இரு மாற்றியங்களும் அதற்குள் ஒரே மாதிரி அமர்வதில்லை. அமர்ந்த பின் உருவாகும் இரு இணைப்புகளும் ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பங்கள் அல்ல. ஆகவே அவற்றின் நிறமாலைகள் வேறுபட எந்தத் தடையும் இல்லை. இந்த ஏற்பாட்டில் கைப்பக்கத்தை உண்மையில் காண்பது இந்தச் சர்க்கரை வளையம் ஒன்றுதான்.

மூன்று பொருட்களிலும் மிக மலிவான இதற்கே அதிகக் கவனம் தேவைப்படுகிறது. குப்பியில் வரும் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் வறண்ட தூள் போலத் தோன்றினாலும் எடையில் 10 சதவீதத்துக்கும் மேல் நீரைப் பிடித்து வைத்திருக்கும். நீரின் அளவைத் தனியே அளக்காமல் எடைபோட்டால், ஒரு குப்பியில் தயாரித்த கரைசலும் அடுத்த குப்பியில் தயாரித்த கரைசலும் ஒரே செறிவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. கரைதிறனும் குறைவு: 25 பாகை செல்சியஸில் லிட்டருக்கு ஏறத்தாழ 18.5 கிராம், அதாவது 16 மில்லிமோல் அளவு மட்டுமே. ஆல்ஃபாவும் காமாவும் இதைவிடப் பல மடங்கு கரைகின்றன. ஆனால் ஆல்ஃபாவின் குழி பல மருந்து மூலக்கூறுகளுக்குக் குறுகல், காமாவின் குழி தளர்வு. குளிர்ந்த அறையில் பீட்டாவின் செறிந்த கரைசலை விட்டுவைத்தால் மெல்லிய கலங்கல் தோன்றும். கண்ணுக்குத் தெரியாத நிலையிலேயே அது ஒளியைச் சிதறடித்து, நிறமாலையின் குறுகிய அலைநீளப் பகுதியை உயர்த்திக் காட்டும்.

குழிக்குள் மூலக்கூறு எவ்வளவு இறுக்கமாகப் பிணைகிறதோ அவ்வளவு நல்லது என்று பலரும் கருதுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை. பிணையாமல் கரைசலில் இருக்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் 10 மில்லிமோல் என்றும், ஒரு வடிவத்தின் பிணைப்பு மாறிலி (பிணைப்பின் வலிமையைக் காட்டும் எண்) 1000, மற்றதன் மாறிலி அதைவிடப் 10 சதவீதம் கூடுதலாக 1100 என்றும் கொள்வோம். முதல் வடிவத்தில் 90.9 சதவீதமும் இரண்டாவதில் 91.7 சதவீதமும் குழிக்குள் இருக்கும், வேறுபாடு 0.8 சதவீதப் புள்ளிதான். மாறிலிகள் 100, 110 என்று இருந்தால் பிணைந்த பங்கு 50 சதவீதம், 52.4 சதவீதம், வேறுபாடு மும்மடங்காகிவிடுகிறது. இரு வடிவங்களும் ஏறத்தாழ முழுமையாகக் குழிக்குள் சென்றுவிட்டால், பிணைப்பு வலிமையில் உள்ள வேறுபாடு நிறமாலையில் தெரியாமல் போய்விடும். இணைப்புகளின் நிறமாலைகளே தம்முள் வேறுபடுவதை மட்டும் நம்பியிருக்க வேண்டும். ஆகவே சைக்ளோடெக்ஸ்ட்ரினை எவ்வளவு சேர்ப்பது என்பதைச் சேர்மத்துக்குச் சேர்மம் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பினைலலனின் என்ற அமினோ அமிலத்தை எடுத்துக்கொண்டால் இம்முறையின் இயல்பு தெளிவாகத் தெரியும். அதன் பென்சீன் வளையம் 257 நானோமீட்டரை ஒட்டி வலுவற்ற உட்கவர்தலைக் காட்டுகிறது. 240 முதல் 270 வரை சிறுசிறு முகடுகள் வரிசையாக அமைந்திருக்கும். மோலார் உட்கவர்திறன் (லிட்டருக்கு ஒரு மோல் கரைசல் ஒரு சென்டிமீட்டர் தடிப்பில் காட்டும் உட்கவர்தல்) ஏறத்தாழ 200 மட்டுமே என்பதால், ஒரு சென்டிமீட்டர் கியூவெட்டில் (கரைசலை வைக்கும் ஒளிபுகும் சிறு கலத்தில்) உட்கவர்தல் 1 என்ற அளவைத் தொட 5 மில்லிமோல் கரைசல் வேண்டும். அது லிட்டருக்கு 0.8 கிராம். சைக்ளோடெக்ஸ்ட்ரின் சேர்த்ததும் முகடுகள் சற்றே நகர்கின்றன, பள்ளங்கள் சற்று மாறுகின்றன. டி-, எல்- எனக் குறிக்கப்படும் இரு வடிவங்களின் நிறமாலைகளைத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் கண்ணுக்கு ஒரே கோடுதான். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, செங்குத்து அளவைப் பல மடங்கு பெரிதாக்கிய பிறகே, முகடுகளின் சரிவுகளில் மூன்றாம் தசம இடத்தில் ஓர் அலைவு தெரியும். மென்பொருளுக்குக் கிடைக்கும் மொத்தத் தீனி அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நிறமாலைமானியின் தரம் பேசப்பட வேண்டும். நாங்கள் பயன்படுத்தும் கருவியின் இரைச்சல் 0.001-க்கும் கீழேதான்; பல நிறமாலைகளைச் சராசரி எடுத்தால் இன்னும் குறையும். ஆகவே கருவி போதுமானது. சிக்கல் இரைச்சலில் இல்லை, மெதுவான நகர்வில் இருக்கிறது. கியூவெட்டை எடுத்துத் திருப்பி வைத்தாலே வேறுபாட்டு நிறமாலைக்கு இணையான ஒரு மாற்றம் வந்துவிடுகிறது. அதனால் கியூவெட்டின் ஒரு முகத்தில் குறியிட்டு எப்போதும் ஒரே பக்கமாக வைப்பதும், கூடுமானால் கியூவெட்டை எடுக்காமல் குழாய் வழியே கரைசலை மாற்றுவதும் கட்டாயமாகின்றன. பிணைப்பு மாறிலி வெப்பநிலையைச் சார்ந்தது என்பதால் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுத் தாங்கியும் வேண்டும். பல விற்பனையாளர்கள் அதை விருப்பத் துணைப்பொருள் என்று பட்டியலின் கடைசியில் போடுகிறார்கள். இந்த வேலைக்கு அது கருவியின் பகுதியே. பினைலலனின் போன்ற சேர்மத்துக்கு பிஹெச் மாறினால் மின்சுமை மாறும், மின்சுமை மாறினால் பிணைப்பு மாறும். ஆகவே பிஹெச்சை மாறாமல் வைக்கும் தாங்கல் கரைசல் இல்லாமல் அளப்பதில் பொருளில்லை.

இனி மென்பொருள். விகிதம் தெரிந்த கலவைகள் பலவற்றைத் தயாரித்து, அவற்றின் நிறமாலைகளையும் விகிதங்களையும் கொடுத்தால், பகுதி மீச்சிறு வர்க்கத் தொடர்புப்போக்கு, ஆய்வகப் பேச்சில் பி.எல்.எஸ்., என்ற முறையில் அது ஒரு மாடலை உருவாக்குகிறது. ஹெர்மன் வோல்டும் அவருடைய மகன் ஸ்வாந்தே வோல்டும் வளர்த்தெடுத்த இம்முறை, நூற்றுக்கணக்கான அலைநீளங்களை ஒரு சில மறை காரணிகளாகச் சுருக்கி, அவற்றில் விகிதத்தோடு சேர்ந்து மாறும் பகுதியை மட்டும் திரட்டுகிறது. தனி அலைநீளம் எதிலும் நம்பத் தகாத வேறுபாடு, எல்லா அலைநீளங்களையும் சேர்த்துப் பார்க்கையில் நம்பத்தக்கதாகிறது. இந்தப் பகுதியில் மென்பொருள் நன்றாகவே வேலை செய்கிறது: சாவிட்ஸ்கி–கோலே வகைக்கெழு, சராசரி நீக்கம் முதலிய முன்செயலாக்கங்கள் ஒழுங்காக அமைந்துள்ளன, மாடலுக்குப் பொருந்தாத மாதிரி வந்தால் எச்ச மதிப்பைக் கொண்டு, அதாவது மாடலால் விளக்க முடியாமல் மிஞ்சும் பகுதியைக் கொண்டு, எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையே இந்த ஏற்பாட்டுக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பெரும்பங்கு. முனைவுமானி ஒருபோதும் அப்படி எச்சரிக்காது.

மற்ற இடங்களில் அது பயனரைத் தவறான நம்பிக்கைக்கு இழுக்கிறது. எத்தனை காரணிகளை எடுத்துக்கொள்வது என்பதைத் தானே தேர்ந்தெடுக்கும் பொத்தான் தேவைக்கு மேல் காரணிகளை எடுத்துக்கொள்கிறது. அளவுத்திருத்தத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மாதிரிகளே இருக்கையில் ஏழு காரணிகளைக் கொண்ட மாடல் இரைச்சலையும் மனப்பாடம் செய்துவிடும். அறிக்கையின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் வரும் ஆர்-வர்க்க மதிப்பு (மாடல் எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகிறது என்று காட்டும் எண்; முழுப் பொருத்தம் 1), மாடலை உருவாக்கப் பயன்பட்ட அதே மாதிரிகளுக்கு உரியது; அதில் நான்கு ஒன்பதுகள் வந்தாலும் அது எதையும் நிரூபிப்பதில்லை. மாடல் அறியாத, தனியே தயாரித்த மாதிரிகளில் வரும் கணிப்புப் பிழையையே பார்க்க வேண்டும். அது மூன்றாம் பக்கத்தில், அட்டவணை ஒன்றின் கடைசி வரியில் இருக்கிறது. மென்பொருளில் உள்ள மிகப் பயனுள்ள படம், தொடர்புப்போக்குக் குணகங்களை அலைநீளத்துக்கு எதிரே வரைந்து காட்டும் படம். அது இரு வடிவங்களின் வேறுபாட்டு நிறமாலையை நினைவூட்டும் மென்மையான அலைவாக இருந்தால் மாடல் வேதியியலைப் பிடித்திருக்கிறது என்று கொள்ளலாம். புல் முளைத்தாற்போல முட்களாக இருந்தால் அந்த மாடலைக் கைவிட வேண்டும். இந்தப் படத்தை எட்ட மூன்று பட்டிகளைத் திறக்க வேண்டியிருப்பது வடிவமைப்பாளரின் முன்னுரிமைகளைக் காட்டுகிறது.

எல்லாவற்றையும்விட ஆபத்தான பொறி மாதிரிகளின் வரிசையில் இருக்கிறது. விகிதம் தெரிந்த கலவைகளைத் தயாரிப்பவர் இயல்பாகவே ஒரு முனையில் தூய டி-வடிவத்தில் தொடங்கி, படிப்படியாக மறுமுனையில் தூய எல்-வடிவம் வரை செல்வார். அதே வரிசையிலேயே அளக்கவும் செய்வார். அந்தச் சில மணி நேரத்தில் விளக்கின் ஒளி மெதுவாகக் குறைகிறது, அறை சற்றுச் சூடாகிறது. இந்த நகர்வும் விகிதத்தோடு சேர்ந்தே மாறுவதால், பி.எல்.எஸ். இரண்டையும் பிரித்தறியாமல் நேரத்தையே விகிதமாகக் கற்றுக்கொள்ளும். ஒரு மாதிரியை விட்டு மற்றவற்றைக் கொண்டு சரிபார்க்கும் குறுக்குச் சரிபார்ப்பும் இதைக் கண்டுபிடிக்காது. விடப்பட்ட மாதிரியும் அதே வரிசையில்தான் அளக்கப்பட்டது. வரிசையைக் குலுக்கி அளப்பது முதல் மருந்து. அதோடு நிறுத்தாமல், அதே கலவைகளைச் சைக்ளோடெக்ஸ்ட்ரின் சேர்க்காமல் ஒருமுறை அளந்து, அந்த நிறமாலைகளிலிருந்தும் மாடல் ஒன்றை உருவாக்கச் சொல்ல வேண்டும். இயற்பியலின்படி அந்த மாடல் தோற்றே ஆக வேண்டும். வெற்றி பெற்றால், அது கண்டது கைப்பக்கத்தையல்ல, இரு வடிவங்களின் குப்பிகளில் இருந்த வெவ்வேறு மாசுகளையோ, எடைப் பிழையையோ, விளக்கின் நகர்வையோதான். விகித எண்களைத் தாறுமாறாக மாற்றிக் கொடுத்தும் இதே சோதனையைச் செய்யலாம். இந்தச் சோதனைகளைப் பற்றிப் பயனர் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. வெளியாகும் ஆய்வுக் கட்டுரைகளிலும் இவற்றைச் செய்ததற்கான அடையாளம் இருக்கிறதா என்றே முதலில் தேடிப் பார்க்கிறேன்.

இவற்றையெல்லாம் ஒழுங்காகச் செய்தபின் எங்களுக்குக் கிடைக்கும் கணிப்புப் பிழை, நல்ல சேர்மங்களில் ஓரிரு சதவீதம். சுமாரானவற்றில் அதைவிட அதிகம். இது எந்த வேலைக்குப் போதும், எதற்குப் போதாது என்பதில் குழப்பம் கூடாது. வினையூக்கிகள் பலவற்றைச் சோதித்து, எது ஒரு வடிவத்தில் 20 சதவீதம் மிகுதி (இரு வடிவங்களின் சதவீதங்களுக்கு இடையிலான வேறுபாடு) தருகிறது, எது 80 தருகிறது என்று சலித்தெடுக்க இது தாராளமாகப் போதும். நிறமாலை எடுக்க ஒரு நிமிடம், கணிப்புக்கு ஒரு நொடி. மருந்தின் தூய்மையைச் சான்றளிக்க இது போதாது. உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய்க்குக் கொடுக்கப்படும் பெனிசிலமின் டி-வடிவம் மட்டுமே; எல்-வடிவம் நச்சுத்தன்மை உடையது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1992-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கைக்குப் பிறகு, கைரல் மருந்துகளின் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே அறிந்து அளப்பது எதிர்பார்க்கப்படும் ஒன்றாகிவிட்டது. அங்கே கேட்கப்படுவது, 99.5 சதவீதமா 99.9 சதவீதமா என்பது. கைரல் குழாய் இரு வடிவங்களையும் தனித்தனி முகடுகளாகப் பிரித்துவிடுவதால், 0.1 சதவீத மாசையும் வெறுமையின் பின்னணியில் காண்கிறது. நிறமாலை முறையோ அதே மாசை மிகப் பெரிய ஓர் எண்ணில் ஏற்படும் மிகச் சிறிய மாற்றமாகத் தேட வேண்டும். எவ்வளவு நேர்த்தியான புள்ளியியலும் இந்த இடைவெளியை நிரப்பாது.

நேர்மையாகச் சொல்வதானால், முனைவுமானியையும் அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பினைலலனினின் நியமச் சுழற்சி (நியமச் செறிவுக்கும் குழாய் நீளத்துக்கும் உரிய சுழற்சி) நீரில் ஏறத்தாழ 34 பாகை. லிட்டருக்கு 10 கிராம் கரைசலைப் பத்து சென்டிமீட்டர் குழாயில் வைத்தால் தூய வடிவம் 0.34 பாகை சுழற்றும். விகிதத்தில் ஒரு சதவீத மாற்றம் 0.007 பாகையாகத் தெரியும். நல்ல முனைவுமானி அதைக் காணும். அதாவது மாதிரி ஏராளமாகவும் தூய்மையாகவும் இருக்குமானால், பழைய கருவியே இந்தப் புதிய ஏற்பாட்டுக்கு ஈடுகொடுக்கிறது. மாதிரி குறைவாக இருக்கும்போதும், பொருந்தாத மாதிரியை அடையாளம் காண வேண்டியபோதும்தான் நிறமாலை முந்துகிறது.

வட்ட இருநிறத்தன்மை நிறமாலைமானி வைத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரை வேறு. அது வலமாகவும் இடமாகவும் வட்ட முனைவுற்ற ஒளியை நொடிக்கு ஏறத்தாழ 50,000 முறை மாற்றி மாற்றிச் செலுத்தி, இரண்டின் உட்கவர்தல் வேறுபாட்டை நேரடியாக அளக்கிறது. அதன் திரையில் தெரியும் ஒரு மில்லிபாகை என்பது உட்கவர்தலில் ஏறத்தாழ 0.00003 மட்டுமே. இங்கே கைப்பக்கம் ஒளியிலேயே இருப்பதால், சம அளவுக் கலவை பூச்சியத்தைத் தந்தே தீரும். வலது மிகுந்தால் ஒரு குறி, இடது மிகுந்தால் எதிர்க்குறி. அந்த வேறுபாட்டை மொத்த உட்கவர்தலால் வகுத்தால் செறிவே கணக்கிலிருந்து விலகிவிடுகிறது. சைக்ளோடெக்ஸ்ட்ரின் ஏற்பாட்டிலோ எல்லா மாதிரிகளையும் ஒரே செறிவுக்குக் கொண்டுவந்த பிறகே அளக்க முடியும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் எரிக் ஆன்ஸ்லினின் குழு, ஒளியை நன்கு உட்கவராத சேர்மங்களையும் ஏற்பி மூலக்கூறுகளோடு பிணைத்து இருநிறத்தன்மைக் குறிகையைப் பெற்று, அதன்மேல் புள்ளியியல் பகுப்பாய்வைச் செலுத்தி, பெருமளவு மாதிரிகளை விரைவாக அளக்கும் வழிகளைக் காட்டியிருக்கிறது. புள்ளியியலைச் செலவிட வேண்டிய இடம் அதுவே என்பது என் எண்ணம். செனான் விளக்கும் இடைவிடாத நைட்ரஜன் ஓட்டமும் கேட்கும் அந்தக் கருவி எல்லா ஆய்வகங்களிலும் இல்லை என்பதால் மட்டுமே, சாதாரண நிறமாலைமானியைக் கொண்ட ஏற்பாட்டுக்கு இடம் இருக்கிறது.

வாங்கி அமைக்க நினைப்பவர்கள் பராமரிப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். மாடல் நிலையான சொத்து அன்று. டியூட்டீரியம் விளக்கை மாற்றினாலோ, சைக்ளோடெக்ஸ்ட்ரினின் புதிய குப்பியைத் திறந்தாலோ, பழைய மாடல் ஒரு சதவீத அளவில் சாய்ந்த விடைகளைத் தரத் தொடங்குகிறது. எச்ச மதிப்பின் எச்சரிக்கை பல வேளைகளில் அந்தச் சாய்வைக் காண்பதில்லை. ஒவ்வொரு நாள் அளவீட்டின் தொடக்கத்திலும் முடிவிலும், விகிதம் தெரிந்த மூன்று கலவைகளை, முடிந்தால் 10, 50, 90 சதவீதத்தில், தெரியாத மாதிரிகளோடு சேர்த்து அளந்தால் சாய்வு உடனே தெரிந்துவிடும். அந்த மூன்றும் எல்லைக்குள் வராத நாளில் எடுத்த மற்ற எண்களை நாங்கள் பதிவேட்டில் ஏற்றுவதில்லை.